எங்கே நின்று எடுக்கப் போகிறாய்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சித்தியின்ர மகன் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். கறுப்பு நிறத்தில் பெரிய கமரா ஒன்று. பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் '125 எக்ஸ் சூம்'. கீழே அவன் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "அக்கா, இது எடுக்கவா?"

அவன் குச்சவெளியில் இருக்கிறான். ஏ.எல். எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சித்தப்பாவோட கடலுக்குப் போறான். அப்படிப் போய்ச் சேர்த்த காசும், மாமா தருவதாகச் சொன்ன காசும் சேர்ந்தால் ஒரு இலட்சம் வரும். களப்பில் வந்து நிற்கும் பறவைகளை எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. போனில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளைப் புள்ளி. விளம்பரத்தில் இருந்த கமராவோ அவனுடைய காசைப்போல இரண்டரை மடங்கு. "மிச்சத்துக்கு அம்மா குழுக்கடன் எடுத்துத் தாறன் எண்டு சொன்னவ" என்று அடுத்த செய்தி வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழக்கு மாகாணத்தில் குழுக்கடன் என்றால் என்ன என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடன் அது. ஒரு கொக்கைப் படம் எடுப்பதற்காகச் சித்தி அந்த வரிசையில் போய் உட்காரக் கூடாது. அன்றிரவே அவனுக்குப் பதினொரு நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். அதில் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எங்கட ஊர்களில் இப்போது இந்தக் கேள்வியோடு நிற்பவன் அவன் ஒருவன் மட்டுமில்லை.

நான் கமரா நிபுணர் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிறவள். இரண்டு வருடமாக ஒரு பழைய சூம் கமராவோடு அலைகிறவள், அவ்வளவுதான். என்னுடைய கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: கமரா வாங்கும்போது 'எத்தனை எக்ஸ்' என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, 'நான் எங்கே நின்று எடுக்கப் போகிறேன்?' இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால், கையில் இருக்கும் காசுக்குள்ளேயே நல்ல கமரா கிடைக்கும்.

எக்ஸ் என்றால் என்ன?

கடைக்காரர் '60 எக்ஸ்' என்று சொன்னால், 60 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அது அப்படியில்லை. லென்சின் மிகக் கூடிய குவிய நீளத்தை மிகக் குறைந்ததால் பிரித்தால் வரும் எண்தான் எக்ஸ். 20 முதல் 1200 மில்லிமீற்றர் வரை போகும் லென்ஸ் 60 எக்ஸ். 24 முதல் 1200 வரை போவது 50 எக்ஸ். இரண்டும் தூரத்தில் காட்டுவது ஒரே அளவுதான். பறவைப் படக்காரர்கள் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் 100–400 லென்ஸ் வெறும் 4 எக்ஸ். ஆகவே எக்ஸை விட்டுவிட்டு, '35 மில்லிமீற்றர் அளவில் எத்தனை மில்லிமீற்றர் வரை போகும்?' என்று கேட்க வேண்டும். கமராவின் லென்சிலோ பெட்டியிலோ அது எழுதியிருக்கும்.

அந்த மில்லிமீற்றரைக் களப்பில் வைத்துப் பார்ப்போம். உங்களிடமிருந்து 100 மீற்றர் தள்ளி ஒரு சின்னக் கொக்கு நிற்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். போனின் சாதாரண கமரா ஏறத்தாழ 26 மில்லிமீற்றர். 100 மீற்றர் தூரத்தில் அதன் சட்டத்துக்குள் 138 மீற்றர் அகலமான இடம் வந்து விழும். 12 மெகாபிக்சல் படம் என்றால் அதில் அந்தக் கொக்கின் பங்கு ஏறத்தாழ 17 பிக்சல். அதைத்தான் எங்கட தம்பி வெள்ளைப் புள்ளி என்றான். 600 மில்லிமீற்றரில் சட்டத்தின் அகலம் 6 மீற்றர். 1200இல் 3 மீற்றர். அந்த 3 மீற்றரில் ஐந்தில் ஒரு பங்கைக் கொக்கு பிடித்துக்கொள்ளும். கண் தெரியும், அலகில் இருக்கும் மீனும் தெரியும்.

2000 மில்லிமீற்றரில் அகலம் 1.8 மீற்றர், 3000இல் 1.2 மீற்றர். கணக்கில் நல்லாத்தான் இருக்கு. ஆனால் குச்சவெளியில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு களப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சேறும் தண்ணியும் சுட்டு, காற்று நெளியும். அந்த நெளிவுக்குள்ளால்தான் படம் வர வேண்டும். எவ்வளவு கூட சூம் செய்கிறீர்களோ அவ்வளவுக்கு நெளிவும் பெரிதாகும். 3000 மில்லிமீற்றருக்குக் காசு கொடுத்தவரும் பகல் வெயிலில் தண்ணிக்குள் போட்ட படம் மாதிரித்தான் எடுப்பார். கானலுக்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. விடிய எழும்புவதுதான் ஒரே வழி.

125 எக்ஸ் கமரா என்று அவன் அனுப்பியது நிக்கோன் பி1000. 2018இல் வந்தது. 24 முதல் 3000 மில்லிமீற்றர் வரை போகும். பாரம் 1.4 கிலோ. லென்சை முழுதாக நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் எஃப் 8க்குக் குறைந்துவிடும். அது கெட்ட கமரா இல்லை. மூன்று கால் ஸ்ராண்டும் பொறுமையும் உள்ளவருக்கு அருமையான சாமான். பழகப் போகிறவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பறவையைத் தேடினால், வானத்தைத்தான் எடுத்துக்கொண்டிருப்பான்.

சந்திரனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யூடியூப்பில் இந்தக் கமராக்களை விற்றது சந்திரன்தான். 2015இல் 2000 மில்லிமீற்றர் நிக்கோன் பி900 வந்தபோது, தரையிலிருந்து சூம் செய்து சந்திரனின் குழிகளைக் காட்டும் வீடியோக்கள் உலகமெல்லாம் ஓடின. உண்மைதான், தெரியும். 1200 மில்லிமீற்றரிலும் சட்டத்தின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சந்திரன் வரும். முதல் பௌர்ணமிக்கு எடுப்பீர்கள். இரண்டாவது பௌர்ணமிக்கும் எடுப்பீர்கள். மூன்றாவதுக்கு? அது எப்பவும் அதே சந்திரன்.

பொய் சூம், மெய் சூம்

நான் விட்ட முதல் பிழையை இங்கே சொல்ல வேண்டும். ஒன்லைனில் '48 மெகாபிக்சல், 16 எக்ஸ் சூம்' என்று ஒரு கமரா. விலை இருபதாயிரத்துக்குள். பெயர் கேள்விப்பட்டதில்லை. பார்வைக்குப் பெரிய கமரா மாதிரியே இருந்தது. வாங்கினேன். வந்து பார்த்தால் லென்ஸ் அசையவே இல்லை. '16 எக்ஸ்' முழுக்க டிஜிட்டல் சூம். அதாவது எடுத்த படத்தின் நடுத்துண்டை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. போனில் இரண்டு விரலால் நாம் செய்வதையே அது பொத்தானால் செய்தது. காசு போனதுதான் மிச்சம்.

ஆகவே ஒரு விதி. விளம்பரத்தில் 'ஒப்டிக்கல் சூம்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'சூம்' என்றோ, 'டிஜிட்டல் சூம்' என்றோ மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மெகாபிக்சலையும் நம்ப வேண்டாம். இந்த ரகக் கமராக்களில் 12 மெகாபிக்சலே வேண்டியதற்கு மேல்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதை மறைத்து விற்கக் கூடாது. மலிவான நீள சூம் கமராக்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் சென்சர் மிகவும் சின்னது. 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், சின்னவிரல் நகத்தில் பாதியும் வராது. டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் சாதாரணமாக இருக்கும் சென்சரின் பரப்பு இதைப்போல பன்னிரண்டு மடங்கு. சென்சர் சின்னது என்பதால்தான் 1200 மில்லிமீற்றர் லென்சை இரண்டு கைக்குள் அடக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு படம் மணல் மணலாக வருகிறது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள்தான் வாங்குகிறோம். இரவுத் திருவிழா, மண்டபத்துக் கலியாணம் என்று எடுத்து உழைக்க நினைப்பவர் இந்தக் கமராவை வாங்கவே கூடாது. அவர் பாவித்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும், 55–250 போன்ற மலிவான லென்ஸ் ஒன்றும் பார்க்கட்டும். கெனன் உடலில் அந்த 250 ஏறத்தாழ 400 மில்லிமீற்றருக்குச் சமன். களப்பில் கொக்கு சின்னதாகத்தான் வரும், ஆனால் கலியாண வீட்டில் காசு வரும்.

எங்கட மண்ணுக்கு எது?

படமெடுக்கிற அண்ணாமாரிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, 'போனே காணும்'. மற்றது, 'எடுத்தா டி.எஸ்.எல்.ஆர். எடு, இல்லாட்டி விடு'. இரண்டும் குச்சவெளிக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. போனின் கணக்கை மேலே பார்த்துவிட்டோம். டி.எஸ்.எல்.ஆரில் 600 மில்லிமீற்றருக்குப் போக வேண்டுமானால் லென்சுக்கு மட்டும் கொடுக்கும் காசு ஒரு மோட்டார்சைக்கிளின் முற்பணம். அதோடு கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டும். உப்புக்காற்றிலும் மணலிலும் கமராவின் வாயைத் திறந்து வைத்திருப்பது, சோற்றுப் பானையை மூடாமல் முற்றத்தில் வைப்பது மாதிரி.

லென்ஸ் கழற்ற முடியாத, நீள சூம் உள்ள 'பிரிட்ஜ்' கமராக்களைப் பெரிய படக்காரர்கள் மதிப்பதில்லை. ஆனால் பழகுகிறவருக்கு எங்கட கரையில் அதுதான் சரி. காலையில் களப்பில் கொக்கு, பத்து மணிக்கு வாடியில் வலை பொத்தும் சித்தப்பா, பின்னேரம் வீட்டில் தங்கச்சி. மூன்றுக்கும் ஒரே கமரா, ஒரே லென்ஸ். பாரமும் 600 கிராம் அளவுதான்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: கெனன் எஸ்எக்ஸ்50 2012இல் வந்தது, 24–1200 மில்லிமீற்றர், 12 மெகாபிக்சல். பழசுதான், கண்ணாடிக்குள் பார்க்கும் திரையும் மங்கல், ஆனால் வெளிச்சத்தில் இன்றைக்கும் நல்ல படம் தரும். அதன் தம்பி எஸ்எக்ஸ்60 2014இல் வந்தது, 65 எக்ஸ், பார்க்கும் திரை அதைவிட நல்லது. 2018இன் எஸ்எக்ஸ்70 21–1365 மில்லிமீற்றர். பனசோனிக் எஃப்இசட்80, சில நாடுகளில் எஃப்இசட்82 என்ற பெயரில் 2017இல் வந்தது, 20–1200 மில்லிமீற்றர். இவை நான்கிலும் 'ரோ' கோப்பாகவும் எடுக்கலாம், பிறகு கொம்பியூட்டரில் திருத்தப் பழகுபவருக்கு அது உதவும். நிக்கோன் பி900இல் அது இல்லை, ஆனால் 2000 மில்லிமீற்றர் இருக்கிறது. பனசோனிக் எஃப்இசட்300 600 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். ஆனால் கடைசிவரை எஃப் 2.8 வெளிச்சம் உள்ளே வரும், தூசியும் தெறிக்கும் தண்ணியும் தாங்கும். தோணியில் போகிறவர் யோசிக்க வேண்டிய கமரா அது.

இவற்றில் எதையும் புதிதாக வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காரணம் டொலர். எஃப்இசட்80 வெளிவந்தபோது அமெரிக்காவில் 400 டொலர். 2017இல் ஒரு டொலர் 150 ரூபாய் அளவில் இருந்தது. அப்போது அது 60,000 ரூபாய். இன்று டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,20,000. வரி தனி. கமராவில் ஒரு ஆணிகூட மாறவில்லை, 2022இல் எங்கட ரூபாய்தான் விழுந்தது. மகாபொல 2025 பாதீட்டில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அந்தக் கணக்கில்கூட அது 16 மாதக் காசு. சாப்பிடாமல், பஸ் ஏறாமல்.

இன்னொன்று. உலகத்தில் 2010ஆம் ஆண்டு 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. இடையில் போன் வந்து சாப்பிட்டுவிட்டது. கம்பனிகள் மலிவு சூம் கமராக்களைப் புதிதாகச் செய்வதையே ஏறத்தாழ நிறுத்திவிட்டன. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் யூஎஸ்பி-சி கட்டாயம் என்று சட்டம் வந்ததும், பழைய கமராக்களுக்கே சார்ஜ் துவாரத்தை மாற்றி வேறு பெயரில் விட்டார்கள். 2024இன் பனசோனிக் எஃப்இசட்82டி, 2025இன் நிக்கோன் பி1100 இரண்டும் அப்படித்தான். பனசோனிக்கில் பார்க்கும் திரைகளும் கொஞ்சம் திருந்தின. லென்சும் சூமும் பழையதேதான். ஆகவே பாவித்த பழைய மொடல் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் சந்திரனை மூன்று தரம் எடுத்துவிட்டு அலுமாரியில் வைத்த கமரா, கொழும்பிலோ திருகோணமலை டவுனிலோ உங்களுக்காகக் காத்திருக்கும்.

பாவித்தது வாங்கப் போகும்போது

பாவித்த கமரா வாங்குவது மாடு வாங்குவது மாதிரி. பல்லைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பகலில் போங்கள். உங்கட சொந்த மெமரி காட்டைக் கொண்டு போங்கள். கமராவைப் போட்டவுடன் லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வர வேண்டும். கரகர என்று கேட்டால் உள்ளே மண். கடைசி மட்டும் சூம் செய்து, திரும்பக் கொண்டு வாருங்கள். இடையில் நின்றால் வேண்டாம். லென்சுக்குள் போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம், எங்கட ஈரக் காற்றில் அது இன்னும் படரும். வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சரில் தூசி. இந்தக் கமராக்களில் அதைத் துடைக்க முழுக்கக் கழற்ற வேண்டும்.

பிறகு கமராவை எடுத்துக்கொண்டு வீதிக்கு வாருங்கள். தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை முழுச் சூமில் எடுங்கள். எழுத்துகள் கூர்மையாக வருகின்றனவா? கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது படம் ஓரளவு அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நடுக்கம் தாங்கும் பகுதி பழுது. அது இல்லாமல் 1200 மில்லிமீற்றர் வெறும் பூகம்பம்தான். கண் வைத்துப் பார்க்கும் துளை வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெயிலில் பின்பக்கத் திரை ஒன்றும் தெரியாது. கமராவை நெற்றியோடு அணைத்துப் பிடித்தால் கையும் நடுங்காது. கடைசியாகப் பற்றரி. இந்த ரகக் கமராக்கள் புதுப் பற்றரியிலேயே 250 முதல் 360 படம் வரைதான் தாங்கும். ஆகவே இன்னொரு பற்றரிக்கும் காசை ஒதுக்கி வைத்துவிட்டு விலை பேசுங்கள்.

வாங்கின பிறகு செலவே இல்லாத சில பாடங்கள். கடல் கிழக்கே, களப்பு அதற்கு உள்ளே மேற்கே. விடிய சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக் களப்பைப் பாருங்கள், பறவையின் மேல் முழு வெளிச்சமும் விழும். பின்னேரம் அதே மாதிரிக் கடலையும் தோணிகளையும் பாருங்கள். முழுச் சூமில் பறவையைத் தேடாதீர்கள். சூமைக் குறைத்துத் தேடி, நடுவில் வைத்து, பிறகு கூட்டுங்கள். ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி மதிலிலோ தோணி விளிம்பிலோ வைத்து, அதன் மேல் கமராவை வையுங்கள். மூன்று கால் ஸ்ராண்டுக்குப் பிறகு பார்க்கலாம். வாடைக்காற்றில் லென்சை நீட்டிக்கொண்டு கரையில் நடக்காதீர்கள். நீளும்போது அது காற்றை உறிஞ்சும், காற்றோடு மணலும் போகும். நான் அப்படித்தான் ஒரு தரம் மாட்டினேன். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கெற்றுகளை எறியாமல் கமராப் பைக்குள் போடுங்கள்.

தூரமும் கிட்டவும்

இனி, முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கே நின்று எடுக்கப் போகிறாய்?

பறவைக்குத் தூரத்தில் நில். அதற்காகத்தான் சூம். முட்டை வைத்திருக்கும் ஆலாவுக்குக் கிட்ட ஒருவர் போனால், அது எழும்பிப் பறந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கூடு வைக்கும் மாடப்புறாக்களால். 2003இல் அது தேசியப் பூங்காவானது. அங்கே பாறையில் ஏறி, புறாவைக் கலைத்து, பறக்கும்போது எடுத்த படத்துக்குப் பேஸ்புக்கில் ஆயிரம் லைக் வரலாம். 1200 மில்லிமீற்றர் கையில் இருப்பவருக்கு அந்த வேலை தேவையில்லை.

தூரத்தில் நிற்பதில் ஒரு பயமும் இருக்கிறது. நீள லென்சை எங்கே திருப்புகிறோம் என்பதை எங்கட பகுதியில் மற்றவர்களும் பார்க்கிறார்கள். ஒருநாள் வீதியோரம் நின்று கொக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, என்ன எடுக்கிறாய், ஆருக்கு எடுக்கிறாய், எங்கே படிக்கிறாய் என்று கேட்டார்கள். கமராவைக் காட்டினேன். இருநூறு கொக்கு. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது. ஒரு பொடியனாக இருந்திருந்தால் இவ்வளவு கெதியாக முடிந்திருக்குமா என்று தெரியாது. ஆகவே தம்பிமார்களுக்குச் சொல்வது: முகாம், காவலரண், கடற்படைப் படகு இருக்கும் பக்கம் லென்சைத் திருப்பவே வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஒரு கொக்கை எடுக்க இவ்வளவு யோசிக்க வேண்டியிருப்பது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மனிதர்களிடம் வந்தால் கதை வேறு. என்னுடைய கமரா வந்த புதிதில் கரைவலை இழுப்பதை எடுக்கப் போனேன். வெட்கம். தாழை மறைவில் நின்று முழுச் சூமில் எடுத்தேன். மீன் தெரிந்துகொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கண்டுவிட்டா. "ஏன் பிள்ளை களவா நிண்டு எடுக்கிறா? கிட்ட வந்து எடு. நாங்க என்ன மிருகக்காட்சிச் சாலையிலயா இருக்கிறம்?" என்று சத்தமாகக் கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஹோட்டல் பக்கம் நின்று பெரிய லென்சால் அவர்களைச் சுடுகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி நான் வகுப்பில் எத்தனை தரம் கோபமாகப் பேசியிருப்பேன்! அன்று நான் செய்ததும் அதேதான்.

கிட்டப் போனேன். சூமை முழுக்க உள்ளே விட்டு, 24 மில்லிமீற்றரில், இரண்டு அடி தூரத்தில் நின்று எடுத்தேன். கையில் செதில், முகத்தில் வேர்வை, பின்னால் வலை, அதற்குப் பின்னால் கடல். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாதாரண படம். பிறகு டவுனில் கழுவி, கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா, கலியாணப் படம் எல்லாம் சுனாமியில் போயிற்றுதாம். அதற்குப் பிறகு அடையாள அட்டைக்குத் தவிர ஒருவரும் தன்னை எடுக்கவில்லையாம்.

எங்கட வீட்டிலும் அதுதான் கதை. அப்பப்பாவின் படம் என்று சுவரில் இருப்பது அடையாள அட்டையில் இருந்த படம். செத்த வீட்டுக்காக அவசரமாகப் பெரிதாக்கி, கடைக்காரர் ஒரு கோட்டும் வரைந்து விட்டார். அப்பப்பா வாழ்க்கையில் கோட் போட்டதே இல்லை. இடம்பெயர்ந்து போகும்போது அரிசியைத் தூக்கினார்கள், அல்பத்தைத் தூக்கவில்லை. மிஞ்சினதையும் 2004 டிசம்பர் 26 கொண்டுபோயிற்று. இந்தக் கரையில் இப்படி எத்தனை சுவர்கள்! எங்களைத் தூரத்தில் நின்று எடுத்த படங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. நிவாரண வரிசையில், கூடாரத்துக்கு முன்னால், கையேந்தியபடி. அருகில் நின்று, பெயர் தெரிந்து, எங்கட ஆக்களே எடுத்தவைதான் குறைவு.

அதனால்தான் சொல்கிறேன், சூம் கமராவுக்கு இரண்டு முனை இருக்கிறது. விளம்பரம் ஒரு முனையைத்தான் விற்கிறது. வாங்கும்போது 1200ஐக் கேட்பதோடு, மற்ற முனை 20ஆ 24ஆ என்றும் கேளுங்கள். சின்னக் குசினிக்குள் நின்று முழு அடுப்படியையும் எடுப்பது அந்த முனையால்தான். கொக்கு அடுத்த வருடமும் வரும். அம்மம்மா வருவா என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். குழுக்கடன் வேண்டாம். ஒரு இலட்சத்துக்குள் பாவித்த பிரிட்ஜ் கமரா, 1200 மில்லிமீற்றர் அளவில் ஒன்று தேடுவோம். அதில் மிஞ்சும் காசில் ஒரு பற்றரி, ஒரு மெமரி காட், மாதம் பத்துப் படம் கழுவக் காசு. முதல் கிழமையில் பாதிப் படம் களப்பில், பாதிப் படம் வீட்டில். வீட்டில் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் டவுனுக்குப் போகிறோம். டோர்ச்சும் மெமரி காட்டும் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சித்தியிடமும் கதைத்தேன். "நல்லதாப் போச்சு பிள்ளை" என்று ஒரு பெருமூச்சு விட்டா. அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெல்லமாக ஒன்று கேட்டான்.

"அக்கா, அதில சந்திரன் தெரியுமா?"

தெரியும்டா. அரைச் சட்டத்துக்குத் தெரியும். முதல்ல சித்தியை எடு.